சொத்துவரி பற்றிப் பேச வேண்டிய மாதம் ஜனவரி

கேள்வி: ஸ்காபரோவில் பதினெட்டு வருடமாக வீடு வைத்திருக்கிறோம். சொத்துவரி கூடிவிட்டது என்பது ஒவ்வொரு பெப்ரவரியும் செய்தியில் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரிகிறது. எங்கள் முதியோர் சங்கம் கூடும் சமூக நிலையத்தின் நேரத்தையும் குறைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மாநகரசபைக்குப் போய்ப் பேசலாம் என்கிறார்கள். எங்கே, எப்போது பேசுவது? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது.

பதில்: செய்தியில் நீங்கள் பார்ப்பது கடைசிநாள் கூத்து. அன்றைக்கு ரொறன்ரோ சபையில் மேயரும் 25 உறுப்பினர்களும் மட்டுமே பேசலாம். நீங்கள் மேலே இருந்து பார்க்கலாம், வாய் திறக்க முடியாது. பொதுமக்களுக்குப் பேச இடம் தருவது சபை உறுப்பினர் சிலர் மட்டும் இருக்கும் குழுக்கள்தான், முழுச்சபை அல்ல. இது தெரியாமல் பெப்ரவரியில் மாநகரசபைக்கு முன்னாலுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குப் பஸ் பிடித்துப் போய், குளிரில் நின்று திரும்பியவர்கள் நிறையப் பேர்.

வரவுசெலவுத்திட்டத்தின் முதல் வரைவை மாநகர அதிகாரிகள் ஜனவரியில் வெளியிடுவார்கள். வரவுசெலவுக் குழு அதைத் திணைக்களம் திணைக்களமாகக் கிளறும். அந்த நாட்களில்தான் பொதுமக்களைப் பேச அழைப்பார்கள். அண்மைய ஆண்டுகளில் ஸ்காபரோ மாநகர நிலையத்திலும் அமர்வு வைத்திருக்கிறார்கள், டவுன்ரவுன் வரை போகத் தேவையில்லை. வீட்டிலிருந்தபடி காணொளியிலும் பேசலாம்.

பெப்ரவரி 1க்குள் மேயர் தன் திட்டத்தைச் சபையில் வைக்க வேண்டும். 2022இல் மாகாண அரசு கொண்டுவந்த 'வலுவான மேயர்' சட்டம் தந்த கடமை அது. அதன்பின் திருத்தம் கொண்டுவரச் சபைக்கு 30 நாள். அந்தத் திருத்தத்தை மறுக்க மேயருக்கு 10 நாள். மறுப்பை முறியடிக்கச் சபைக்கு 15 நாள், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சும்மா பெரும்பான்மை போதாது என்பதால் மேயர் வைத்த திட்டம் பெப்ரவரியில் பெரிதாக அசைவது கடினம்.

2024ஐப் பாருங்கள். ஜனவரியில் அதிகாரிகளின் வரைவு குடியிருப்பு வீடுகளுக்கு 10.5 வீத உயர்வு என்றது. பெப்ரவரி 1 அன்று மேயர் ஒலிவியா சோ வைத்த திட்டத்தில் அது 9.5 வீதம். இடையிலிருந்த அந்த மூன்று வாரத்தில்தான் மக்கள் பேசினார்கள், எழுதினார்கள். எல்லாம் அதனால்தான் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அரசியல் கணக்கும் இருந்தது. கடைசி நேரத்தில் மாறிய ஒன்றும் உண்டு. பொலிசார் கேட்டதைவிடக் குறைத்திருந்த 12.6 மில்லியன் டொலரை, சபை கூடும்போது மேயரே திரும்பக் கொடுத்தார். அதற்குப் பின்னால் பொலிஸ் தரப்பின் பெரிய பிரசாரம் நடந்தது. உங்கள் முதியோர் சங்கத்திடம் அந்தப் பலம் இல்லை, ஆகவே ஜனவரியை விடாதீர்கள்.

(சொத்துவரிப் பில்லில் கல்விவரி என்றொரு பகுதி இருக்கும். அதை நிர்ணயிப்பது மாகாணம். அதற்காக உங்கள் கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை.)

போனால் என்ன கேட்பது? வரியைக் குறை, சேவையைக் கூட்டு என்று ஒரே மூச்சில் கேட்பவர்கள்தான் அதிகம். குழுவில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள், குறிப்பெடுக்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க மாநகரத்துக்குச் சட்டம் இடம் தராது, வரவும் செலவும் சமப்பட்டே ஆக வேண்டும். கட்டடம், பாலம், பஸ் வாங்குவது போன்ற மூலதனச் செலவுக்கு மட்டும்தான் கடன். ஆகவே உங்கள் நிலையத்தின் கூரை ஒழுகினால் அது மூலதனத் திட்டத்தில் தேட வேண்டிய விஷயம், பத்து வருடத்துக்குப் போட்டிருப்பார்கள். திறந்திருக்கும் நேரமும் ஊழியர் சம்பளமும் அன்றாடச் செலவில் வரும். இரண்டையும் குழப்பிக் கேட்டால் ‘அது வேறு பட்டியல்’ என்று மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். வீதியில் குழி என்றால் இது எதுவுமே வேண்டாம், 311க்கு அழையுங்கள்.

துணைவிதிகளுக்கு, அதாவது மாநகரசபை போடும் உள்ளூர்ச் சட்டங்களுக்கு, வழி கொஞ்சம் வேறு, ஆனால் வாசல் அங்கேயும் ஒரு குழுதான். அதிகாரிகளின் அறிக்கை குழுவுக்கு வரும், மக்கள் பேசுவார்கள், பிறகு சபைக்குப் போகும். ஸ்காபரோவுக்கு மிகவும் பட்ட உதாரணம், அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் பற்றிய விதி. பழைய ரொறன்ரோவில் அனுமதி இருந்தது, ஸ்காபரோவில் இல்லை. 2021இல் சபைக்கு வந்து தள்ளிப் போடப்பட்டு, 2022 டிசம்பரில்தான் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச் 31. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சபை உறுப்பினர்களை எழுத்தாலும் தொலைபேசியாலும் ஓயவிடவில்லை.

வெளியே தெரியாத ஒரு நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். சபைக் கூட்டத்தின் தொடக்கத்தில், எந்த உறுப்பினரும் ‘இதைப் பேச வேண்டும்’ என்று பிடித்து வைக்காத விடயங்கள் விவாதமின்றி மொத்தமாக நிறைவேறிவிடும். உங்களுக்கு முக்கியமான ஒன்று அந்தக் கட்டோடு போகாமல் இருக்க வேண்டுமென்றால், கூட்டத்துக்கு முதல்நாளே உங்கள் கவுன்சிலரின் அலுவலகத்துக்கு விடயத்தின் இலக்கத்தைச் சொல்லி, பிடித்து வைக்கும்படி கேளுங்கள். நிகழ்ச்சிநிரல் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே மாநகர இணையத்தில் வரும். ஒவ்வொரு விடயத்துக்கும் ஆண்டும் எழுத்தும் சேர்ந்த இலக்கம் இருக்கும். ‘எஸ்.சி.’ என்றால் ஸ்காபரோ சமூகசபை (அந்தப் பகுதிக் கவுன்சிலர்களின் குழு), ‘பி.யூ.’ என்றால் வரவுசெலவுக் குழு.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி: பேசுவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து நிமிடம். எழுதி வைத்து வாசிப்பவர்கள்தான் அங்கே அதிகம், ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் உட்பட. அதுவும் கூச்சம் என்றால் சங்கத்தின் பெயரில் ஒரு பக்கக் கடிதம் மாநகர எழுத்தருக்கு அனுப்புங்கள். பேரப்பிள்ளை தட்டித் தரலாம். நிலையத்தின் பெயர், நீங்கள் கூடும் கிழமை, நேரம், எத்தனை பேர் வருகிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் பஸ்ஸில் வருகிறார்கள் என்று போடுங்கள். வாழ்த்துரை வேண்டாம். கடிதமும் எழுதியவர் பெயரும் பொதுப் பதிவாகிவிடும் என்பதால் நோய்நொடி விபரங்களை அதில் எழுத வேண்டாம். அதே கடிதத்தின் பிரதியை உங்கள் கவுன்சிலருக்கும் அனுப்பி, ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழையுங்கள்.