சிக்னலில் அசந்ததற்குச் சிரித்தீர்களா?

கேள்வி: என் கணவர் சென்னை விமான நிலையத்தில் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். விமானங்கள் ஏற, இறங்க பைலட்டுகளுக்கு மைக்கில் அனுமதி சொல்லும் வேலை. நைட் டியூட்டி முடிந்து வந்தால் எரிந்து விழுகிறார். சொந்தக்காரர் விசேஷம் எதற்கும் வருவதில்லை என்று மாமியாருக்கு வருத்தம். கணவரின் கோபத்தை எப்படிக் குறைப்பது?
- வாசகி, பல்லாவரம்

பதில்: கோபத்தை அப்புறம் பார்க்கலாம். டியூட்டி முடிந்த கையோடு பையனை ஸ்கூலில் விடப் போனவர், சிக்னலில் வண்டி மேலேயே கண்ணசந்துவிட்டார், பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து எழுப்பினார், வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பின்சீட்டில் உங்கள் பிள்ளை இருந்தானம்மா! இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஸ்கூல், அப்புறம் ரேஷன் கடை, மாமியாருக்கு டாக்டர். பதினொரு மணிக்குப் படுத்தவரை ஒரு மணிக்குச் சாப்பிட எழுப்புகிறீர்கள். கேட்டால் 'பகலில் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்' என்கிறீர்கள். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், கொஞ்சம் குடித்தவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் சாவியைப் பிடுங்க மாட்டீர்களா?

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் லெக்சிங்டன் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் 49 பேர் இறந்தார்கள். நீளம் குறைந்த வேறொரு ஓடுபாதையில் விமானத்தைத் திருப்பியது பைலட்டுகளின் தவறு. டவரில் இருந்தவர் ஒரே ஒரு கன்ட்ரோலர். புறப்பட அனுமதி கொடுத்துவிட்டு வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார், அது எந்தப் பாதையில் ஏறியது என்று பார்க்கவில்லை. இரண்டு டியூட்டிக்கு நடுவே அவருக்குக் கிடைத்தது 9 மணி நேரம், தூங்கியது சுமார் இரண்டு மணி நேரம். தூக்கமின்மைதான் காரணம் என்று விசாரணை அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

2024-ல் அமெரிக்காவில் கன்ட்ரோலர்களுக்கு நள்ளிரவு ஷிஃப்டுக்கு முன் 12 மணி நேர ஓய்வு என்று அறிவித்தார்கள். ஓய்வு நேரத்தை ஆபீஸ் கொடுக்கலாம். அதில் தூங்க விடவேண்டியது வீடு. கன்ட்ரோலரின் குடும்பத்துக்கு அது கடமை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பையனை வேனில் அனுப்புங்கள். சாப்பாட்டை மூடி வையுங்கள், எழுந்து சாப்பிடட்டும். மாமியாரிடம் நீங்களே பேசுங்கள். விசேஷத்துக்கு நீங்களும் பிள்ளையும் போய் வந்தால் போதும். உங்கள் கணவருக்கும் ஒன்று: சிக்னலில் அசந்ததை வீட்டில் சொன்னவர், அன்று டியூட்டி மேலதிகாரியிடம் சொன்னாரா? உடம்பு முடியாத இரவில் கௌரவம் பார்க்காமல், மைக்கைத் தொடும் முன்பே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.