துண்டுச்சீட்டு வைத்த பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் ஓர் இலக்கியத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தேர்தல் நிதி பற்றி ஒரு நூல் எழுதியவர் பேசும் அமர்வு. அதற்காகவே 400 பக்கப் புத்தகத்தை மூன்று வாரம் படித்து, குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருப்பார்களா என்பதே சந்தேகம். நெறியாளர் அன்றைய காலைச் செய்தியில் தொடங்கி, அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்பதில் முடித்தார். கேள்வி நேரத்தில் மூன்று பேர் மைக்கைப் பிடித்தார்கள். மூவருமே கேள்வி கேட்கவில்லை, உரையாற்றினார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் அட்டவணையும் ஆறாம் அத்தியாயத்தின் அட்டவணையும் ஒத்துப்போகவில்லை. அதைக் கேட்கத்தான் கை தூக்கினேன், மைக் என் வரிசைக்கு வரவேயில்லை. இலக்கியத் திருவிழாவில் அரசியல் புத்தகங்களுக்கு என்ன வேலை? இதற்கு டிவி விவாதத்தை வீட்டிலேயே பார்த்திருக்கலாமே?

கே.

அன்புள்ள கே.,

அட்டவணைக்குக் கடைசியில் வருகிறேன்.

'என்ன வேலை' என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அரசியல் நேற்று வந்து புகுந்த விருந்தாளி இல்லை. 1962இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஐந்து நாள் எழுத்தாளர் மாநாடு நடந்தது. பேசுபொருள் நாவல். ஆனாலும் எழுத்தாளனின் அரசியல் கடப்பாட்டுக்கு ஒரு நாள், தணிக்கைக்கு ஒரு நாள் என்று ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்து எழுத்தைப் பற்றிய நாளில் கவிஞர் ஹ்யூ மக்டையர்மிட்டும் நாவலாசிரியர் அலெக்சாண்டர் ட்ரோச்சியும் மேடையிலேயே மோதிக்கொண்டார்கள். ஆகவே அரசியல் இருப்பது பிரச்சினையில்லை. நீங்கள் போன அமர்வில் புத்தகம்தான் இல்லை.

அரசியல் நூலுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. எழுதச் சில ஆண்டுகள் ஆகும். அவதூறு வழக்குக்கு இடம் இருக்கிறதா என்று வழக்கறிஞர் வரிவரியாகப் பார்த்து, திருத்தி, அச்சாகி வரப் பல மாதம் ஆகும். ஆசிரியர் மேடையேறும்போது அவர் எழுதிய அமைச்சர் பதவியில் இருக்க மாட்டார், கூட்டணி மாறியிருக்கும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களோ அன்று காலை கைபேசியில் பார்த்த செய்தியோடு வந்திருப்பார்கள். நேற்றைய புத்தகத்திடம் நாளைய ஜோசியம் கேட்கிறோம். ஆசிரியரும் கூச்சப்படாமல் கருத்து கந்தசாமி ஆகிவிடுகிறார்.

நெறியாளரைத் திட்ட எனக்கு முழுத் தகுதி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு போரைப் பற்றிய நூலுக்கு நானே நெறியாளராக உட்கார்ந்தேன். புத்தகம் கைக்கு வந்தது நான்கு நாள் முன்பு. அதே வாரத்தில் எனக்கு வேறு இரண்டு அமர்வுகள். முன்னுரை, முதல் இரண்டு அத்தியாயம், முடிவுரை. அவ்வளவுதான் படித்திருந்தேன். மேடையில் எங்கள் காலடியில் ஒரு கடிகாரம், 45 நிமிடத்திலிருந்து சிவப்பு எண்களில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் மடியில் அவருடைய சொந்தப் பிரதி. அதில் மஞ்சளும் பச்சையுமாகப் பத்துப் பன்னிரண்டு துண்டுச்சீட்டுகள். எனக்குத் தெரிந்த இரண்டு அத்தியாயமும் தீர்ந்ததும், "இந்தப் போர்நிறுத்தம் நிலைக்குமா?" என்று கேட்டேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ருசி கண்டபின் நான் புத்தகத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு முறை அவர் விரல் ஒரு சீட்டைத் தொட்டுவிட்டு விலகியதைப் பார்த்தேன். கைதட்டல் பலமாகவே இருந்தது. கையெழுத்துப் போடும் மேசையில், வரிசை ஓய்ந்த பிறகு, சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து அட்டையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த கூட்டத்துக்கு ஆகும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

மேடையில் உதிர்ந்த வாக்கியம் வேறு மாதிரியும் திரும்பி வரும். 2013 ஜனவரியில் ஜெய்ப்பூர் இலக்கியத் திருவிழாவில் சமூகச் சிந்தனையாளர் ஆஷிஸ் நந்தி ஊழலையும் சாதியையும் சேர்த்துச் சில வாக்கியங்கள் பேசினார். கண்டனம் எழுந்தது, விளக்கம் கொடுத்தார், வழக்குப் பதிவானது. கடைசியில் உச்ச நீதிமன்றம் அவரைக் கைது செய்யத் தடை விதித்தது. அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை, கேட்டவர்கள் புண்பட்டதிலும் வியப்பில்லை. ஆனால் அதையே நூலில் எழுதினால் முன்னால் பத்துப் பக்க வாதம் இருக்கும், கீழே அடிக்குறிப்பு இருக்கும். மறுக்க விரும்புபவருக்குப் பிடித்து இழுக்க நூல்முனையாவது கிடைக்கும். மேடையில் மிஞ்சுவது முப்பது நொடி.

டிவிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். நல்ல அமர்வில் ஒரே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" ஒரு பக்கத்தை ஆசிரியரையே வாசிக்கச் சொல்லிவிட்டு இதைக் கேட்க வேண்டும். மூடிய அறையில் நடந்த பேச்சை மேற்கோள் குறி போட்டு எழுதியிருக்கிறாரே, அந்த அறையில் இருந்தவர் சொன்னதா, இருந்தவரிடம் கேட்டவர் சொன்னதா? நீதிமன்றப் பிரமாணப் பத்திரத்திலிருந்து எடுத்ததா, தகவல் அறியும் சட்டத்தில் வாங்கியதா? பெயர் சொல்ல மறுத்தவர்களை எத்தனை முறை நம்பியிருக்கிறார்? நல்ல பத்திரிகையாளருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். ஒரு ஆவணத்துக்காக எட்டு மாதம் அலைந்த கதையை அவரிடம் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். சரக்கில்லாதவர் இரண்டாவது கேள்வியிலேயே நெளிவார். இதைப் பார்ப்பதற்காகவே நான் இன்னமும் போகிறேன்.

பதவியில் இருந்தவர்களின் நினைவுக்குறிப்புகளுக்கு மட்டும் வேறு வைத்தியம். நூலின் கடைசியில் பெயரடைவு, அதாவது யார் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், இருந்தால் முதலில் அதைப் பார்ப்பேன். யார் பெயர் இல்லை என்பதில்தான் என் முதல் கேள்வி.

கேள்வி நேரம் பற்றி ஒரு சின்னத் தந்திரம். மைக்கோடு ஓடும் தன்னார்வலர்களுக்கு நடைபாதை ஓரத்து ஆள்தான் சௌகரியம், நடு வரிசைக்குள் அவர்களால் நுழைய முடியாது. ஓரத்தில் உட்காருங்கள். மைக் கிடைத்தால் உங்கள் முதல் சொல் பக்க எண்ணாக இருக்கட்டும். "பக்கம் 212இல்" என்று ஒருவர் ஆரம்பித்ததும் ஆசிரியர் தலை நிமிர்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி அட்டவணை. உங்கள் கடிதம் வந்ததும் என் பிரதியை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் இருப்பது நிதியாண்டுக் கணக்கு, ஆறாம் அத்தியாயத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி இல்லாமல் தெரியாது. ஆனால் இந்தக் காரணம் முதல் நான்கு வரிகளுக்குத்தான் பொருந்துகிறது. ஐந்தாவது வரி எப்படிக் கூட்டினாலும் இடிக்கிறது. இரண்டு பக்க எண்களையும் குறித்துப் பதிப்பக முகவரிக்கு எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.