புறமுதுகு காட்டிய மங்கோலியர்

கேள்வி: போன இதழில் மங்கோலியரை 'மாவீரர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். எதிரியைப் பார்த்ததும் புறமுதுகு காட்டி ஓடுவதையே அவர்கள் தந்திரமாக வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்கு வெட்கி வடக்கிருந்து உயிர்விட்ட சேரனைக் கொண்டாடும் நாம், இந்த ஓட்டக்காரக் கூட்டத்தை வீரர்கள் என்று சொல்லலாமா? கும்பல் பெரிது, அதனால் ஜெயித்தார்கள், அவ்வளவுதானே?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் கும்பல் கணக்கை முடித்துவிடலாம். செங்கிஸ்கான் 1227இல் இறந்தபோது அவருடைய மொத்தப் படை 1,29,000 பேர் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் பிரிவு பிரிவாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். வட சீனாவிலிருந்து காஸ்பியன் கடல் வரை அடித்துப் போட்டது இவ்வளவு பேர்தான். போன இடத்தில் பெரிய கும்பலாகத் தெரிந்ததற்குக் காரணம், ஆளுக்கு மூன்று நான்கு மாற்றுக் குதிரைகள் கூடவே ஓடிவந்தன, தூசியைப் பார்த்தவன் குதிரையையும் ஆளாக எண்ணிவிட்டான்.

அடுத்து அந்த ஓட்டம். நிஜமாகவே பயந்து ஓடிய மங்கோலியனுக்கு என்ன நடந்தது தெரியுமா? 1240களில் அவர்களிடம் தூது போய்த் திரும்பிய கார்ப்பினி என்ற இத்தாலியத் துறவி எழுதியிருக்கிறார்: பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒருவனோ இருவரோ ஓடினால், அந்தப் பத்துப் பேருக்குமே மரண தண்டனை. பத்து, நூறு, ஆயிரம், பதினாயிரம் என்று அடுக்கிய படை அது. அந்தப் படையில் ஒருவன் உங்கள் கண்முன்னால் முதுகைக் காட்டுகிறான் என்றால், அவனுக்கு மேலே இருப்பவன் காட்டச் சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம்.

இதைச் செய்து பார்ப்பது லேசில்லை. ஆயிரம் குதிரைகள் ஒரே திசையில் பாய ஆரம்பித்தால், நடிப்பு எங்கே முடிந்து பீதி எங்கே தொடங்குகிறது என்று குதிரைக்குத் தெரியாது, மேலே உட்கார்ந்திருப்பவனுக்கும் பாதி நேரம் தெரியாது. அங்கவடியில் காலை ஊன்றி எழுந்து, இடுப்பைத் திருப்பி, கொம்பும் தசைநாரும் மரத்தோடு சேர்த்து ஒட்டிய குட்டை வில்லால் பின்னால் வருகிறவன்மேல் அம்பு விட்டுக்கொண்டே, கொடி எப்போது அசையும் என்றும் பார்த்தபடி ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் களைக்கிறவன் துரத்துகிறவன்தான். அவனுக்குப் பெரும்பாலும் ஒரே குதிரை, மேலே கவசத்தோடு ஆள், வரிசையும் குலைந்து போயிருக்கும். இவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி மாற்றுக் குதிரை தயாராக நிற்கும்.

1223இல் கல்கா ஆற்றங்கரையில் நடந்ததைப் பாருங்கள் (இன்றைய உக்ரைனின் தென்கிழக்கு). கீவ், காலிச் முதலிய ரூஸ் (இன்றைய உக்ரைன், ரஷ்யப் பகுதிகள்) சிற்றரசர்களும் கிப்சாக் நாடோடிகளும் சேர்ந்து, ஜெபே, சுபுதாய் என்ற இரண்டு தளபதிகளின் சிறிய படையை எதிர்க்கப் புறப்பட்டார்கள். நீப்பர் ஆற்றின் அக்கரையில் மங்கோலியர் விட்டுவைத்திருந்த ஒரு சின்னக் காவல் படையை அடித்ததும் தலைகால் புரியவில்லை. ஒன்பது நாள் துரத்தினார்கள். ஒன்பது நாள்! தினமும் எதிரியின் முதுகு தெரிகிறது, தினமும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, யார் முதலில் பிடிப்பது என்று இளவரசர்களுக்குள் போட்டி வேறு. படை நீண்டு பிய்ந்துபோன நிலையில் கல்காவைத் தாண்டியவர்கள்மேல் மங்கோலியர் திரும்பினார்கள். முன்னால் போன கிப்சாக்குகள் உடைந்து, பின்னால் வந்த ரூஸ் படைக்குள்ளேயே முட்டிமோதி ஓடினார்கள். கீவ் அரசர் மட்டும் ஒரு மேட்டில் மூன்று நாள் தாக்குப்பிடித்தார். கொல்ல மாட்டோம், மீட்புப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவோம் என்று வாக்குக் கொடுத்ததை நம்பி இறங்கிவந்தார். வாக்கைக் காப்பாற்றவில்லை: பிடிபட்ட இளவரசர்களைக் கீழே போட்டு, மேலே பலகை பரப்பி, அந்தப் பலகைமேல் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள்.

டெல்லிக்கும் இந்தப் பாடம் கிடைத்தது. 1299இல் கிலி என்ற இடத்தில் அலாவுதீன் கில்ஜியின் தளபதி ஜாபர்கான், எதிரே நின்ற மங்கோலியப் பிரிவு சிதறி ஓடுவதைப் பார்த்துவிட்டு, சுல்தானின் உத்தரவுக்குக் காத்திராமல் துரத்தினார். 18 கோஸ் தூரம், அதாவது கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். கூடவே வர முடிந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். வழியில் பதுங்கியிருந்த தர்கி என்ற மங்கோலியத் தளபதி பின்பக்கத்தை அடைத்துவிட்டார், ஜாபர்கான் சண்டைபோட்டே செத்தார். வீரத்தில் குறையே இல்லை. பிற்பாடு மங்கோலியர்கள், தண்ணீர் குடிக்காமல் முரண்டு பிடிக்கிற குதிரையிடம் "என்ன, ஜாபர்கானைப் பார்த்துவிட்டாயா?" என்று கேட்பார்களாம், டெல்லி வரலாற்றாசிரியர் பரனி எழுதியிருக்கிறார். பேர் நின்றது, சரி. ஆள் போய்விட்டாரே.

அலாவுதீன் இதை மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1303இல் அதே தர்கி டெல்லி வாசலுக்கே வந்து உட்கார்ந்தபோது, சித்தூர் முற்றுகையிலிருந்து களைத்துத் திரும்பியிருந்த சுல்தான் வெளியே பாய்ந்து வாள் வீசவில்லை. டெல்லியை ஒட்டிய சீரியில் அகழி தோண்டி, ஊர்க்காரர்கள் வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றி வந்து அகழிக்குப் பின்னால் தடுப்பாக நிறுத்தி, உள்ளேயே இருந்தார். யோசித்துப் பாருங்கள், தலைநகரத்தில் கதவில்லாத வீடுகள், கதவுக்குப் பின்னால் சுல்தான். புறநானூற்றுக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் கேவலம்தான். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து தர்கி திரும்பிப் போய்விட்டார், சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் பிரார்த்தனைதான் காரணம் என்று டெல்லி மக்கள் பேசிக்கொண்டார்கள். அப்புறம்தான் பெரிய நிரந்தரப் படை, கொடுக்கிற சம்பளத்தில் அந்தப் படைக்கு வயிறு நிறைய வேண்டும் என்பதற்காகச் சந்தையில் தானியத்துக்கும் துணிக்கும் கட்டிய விலை, குதிரைக்குச் சூடு போட்ட முத்திரை எல்லாம் வந்தன. அடுத்த படையெடுப்புகளை 1305இலும் 1306இலும் நொறுக்கினார்கள். (1306இல் ஜெயித்த மாலிக் காபூர்தான் 1311இல் மதுரைவரை வந்தவர். அந்தக் கதை வேறு.)

சேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஓடிக் காயம் பட்டவர் இல்லை, மார்பில் பாய்ந்த வேல் முதுகைத் துளைத்தது என்பார்கள். அதற்கே வெட்கப்பட்டார் என்பது பெரிய விஷயம், நானும் மதிக்கிறேன். ஆனால் அப்படி வெட்கப்படும் எதிரி கிடைத்தால் சுபுதாய்க்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். அவருடைய தூண்டிலில் புழுவே அதுதான்.

'மாவீரர்கள்' என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை. பிடித்த ஊரின் ஆண்களை அடுத்த ஊரின் கோட்டைக்கு ஓட்டிப்போய், அகழியைத் தூர்க்கவும் மேலிருந்து வரும் அம்பை வாங்கவும் முன்னால் நிறுத்தினார்களே, 1221இல் மத்திய ஆசியாவின் மெர்விலும் ஈரானின் நிஷாபூரிலும் சரணடைந்தவர், சண்டையே போடாதவர் என்று பார்க்காமல் வெட்டினார்களே, கோழைத்தனம் என்ற சொல்லை அங்கே வையுங்கள். நான் ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் தேடுகிற, முதுகைக் காட்ட மாட்டேன் என்ற மங்கோலியரும் ஒருவர் இருந்தார், பெயர் கித்புகா. 1260 செப்டம்பரில் பாலஸ்தீனத்தில் அய்ன் ஜாலூத் என்ற இடத்தில் எகிப்தின் மம்லூக் படையோடு (அடிமைகளாக வாங்கப்பட்டு வீரர்களானவர்கள்) மோதினார். எதிரே முன்னணிப் படையை நடத்திவந்தவர் பைபர்ஸ். கல்காவில் உடைந்து ஓடினார்களே அந்த கிப்சாக் இனத்தில் பிறந்து, சின்ன வயதில் அடிமையாக விற்கப்பட்டவர். பைபர்ஸ் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு ஓடினார். கித்புகா துரத்தினார். மலைச்சரிவுகளில் எகிப்து சுல்தான் குதுஸ் காத்திருந்தார். எல்லாம் கைவிட்டுப் போன பிறகு கூட இருந்தவர்கள் தப்பிவிடலாம் என்றார்களாம், கித்புகா மறுத்துவிட்டார். அன்றே அவர் கதை முடிந்தது, சிரியாவும் கையைவிட்டுப் போனது.