சென்னையில் 3.6 லட்சமா, மதுரையில் மாதம் 19,000 ரூபாயா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பி.காம். முடித்த உங்கள் மகளுக்குச் சென்னை நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 3,60,000 ரூபாயும், மதுரையில் உங்கள் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஒரு மொத்த வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மாதம் 19,000 ரூபாயும் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. மாதம் 30,000 ரூபாயை விட்டுவிட்டு 19,000 ரூபாய்க்குப் போகலாமா என்று உறவினர்கள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. சென்னை வேலையில் அவள் கைக்கு 30,000 ரூபாய் வராது. எவ்வளவு வரும் என்பதைக் கண்டுபிடிக்க எட்டாம் வகுப்பில் படித்த சதவீதமும் கூட்டல் கழித்தலுமே போதும்.

3,60,000 என்பது சி.டி.சி., அதாவது உங்கள் மகளுக்காக நிறுவனம் ஓராண்டில் ஒதுக்கும் மொத்தச் செலவு. நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரின் இணைப்பில் அடிப்படைச் சம்பளம் மாதம் 12,500 ரூபாய் என்று இருக்கிறது. அதில் 12 சதவீதமான 1,500 ரூபாயை நிறுவனம் தன் பங்காக பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் செலுத்துகிறது, ஆண்டுக்கு 18,000 ரூபாயாகும் இந்தத் தொகையும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 7,215 ரூபாய் காட்டியிருக்கிறார்கள். நிரந்தரப் பணியில் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கே அது கிடைக்கும் என்பதால், இப்போதைக்கு அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மருத்துவக் காப்பீட்டுத் தவணை 6,000 ரூபாய். வேரியபிள் பே 36,000 ரூபாய். இது நிறுவனத்தின் லாபத்தையும் அவளுடைய மதிப்பீட்டையும் பொறுத்து முழுதாகவும் வரலாம், பாதியாகவும் வரலாம், வராமலும் போகலாம். இவை நான்கையும் கழித்தால் மீதி 2,92,785 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 24,400 ரூபாய். அதிலிருந்து அவளுடைய பங்கு பி.எஃப். 1,500 ரூபாயும், அரையாண்டுக்கு 1,250 ரூபாய் வீதம் தொழில் வரியாக மாதம் ஏறக்குறைய 208 ரூபாயும் போக, வங்கிக் கணக்கில் விழுவது சுமார் 22,690 ரூபாய்.

மதுரை வேலையில் 19,000 என்பது பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளம், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு அதற்கு வெளியே இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் என்பதால் பி.எஃப். பிடித்தம் 1,200 ரூபாய். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தமும் உண்டு, அவள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 143 ரூபாய். அதற்கு ஈடாக அவளுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி கிடைக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். தொழில் வரியையும் அதே அளவில் கழித்தால் கைக்கு வருவது சுமார் 17,450 ரூபாய். ஆக, 11,000 ரூபாய் என்று தோன்றிய வித்தியாசம் உண்மையில் 5,240 ரூபாய்தான்.

இனிச் செலவைப் பார்ப்போம். நான் போடும் தொகைகள் உத்தேசமானவை. உங்களுக்குத் தெரிந்த விலைகளை இட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். சென்னையில் பெண்கள் விடுதிக்குச் சாப்பாட்டுடன் 8,500, வெளிச் சாப்பாட்டுக்கு 1,500, செல்பேசி, மருந்து, சோப்பு போன்றவற்றுக்கு 1,000, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக 1,500, அன்றாடப் பயணத்துக்கு 1,000 என்று வைத்தால் 13,500 ரூபாய் ஆகிறது. சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் பயணச் செலவைக் குறைத்தே போட்டிருக்கிறேன். அந்தப் பேருந்துகள் ஓடாத நேரத்தில் பணி முடிந்தால் ஷேர் ஆட்டோச் செலவு கூடும். மீதி 9,190 ரூபாய். மதுரையில் வீட்டுச் சாப்பாடும் இலவசப் பேருந்தும் இருப்பதால் 2,450 ரூபாய்க்குள் அடங்கும். மீதி 15,000 ரூபாய். சம்பளம் குறைந்த வேலையில் மாதம் 5,810 ரூபாய் அதிகமாக மிஞ்சுகிறது. இதோடு, சென்னையில் முதல் சம்பளம் மாத முடிவில்தான் வரும் என்பதால், முதல் மாதச் செலவு 13,500 ரூபாயோடு விடுதி முன்பணமாக ஒரு மாத வாடகை 8,500 ரூபாயையும் சேர்த்து 22,000 ரூபாயை நீங்கள் முன்கூட்டியே புரட்ட வேண்டியிருக்கும். இதற்காக வட்டிக்கு வாங்க நேர்ந்தால் அந்த வட்டியையும் செலவில் எழுதுங்கள்.

இதை வைத்து மதுரைதான் சரி என்று நான் சொல்லவில்லை. சென்னையில் ஆண்டுக்கு 10 சதவீதமும் மதுரையில் 5 சதவீதமும் உயர்வு கிடைத்து, செலவு மாறாமல் இருந்தால், நான்காவது உயர்வுக்குப் பிறகு சென்னையில் மிஞ்சும் தொகை மதுரையை முந்தும். விடுதிக் கட்டணம் ஏறினால் அது இன்னும் தள்ளிப்போகும். ஆகவே அந்த நான்காண்டில் அவள் எதைக் கற்பாள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மதுரையில் ஜி.எஸ்.டி. தாக்கல், வங்கிச் சரிபார்ப்பு, ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்பு ஆகியவற்றில் அவளை உட்கார வைப்பார்களானால் நான் மதுரையை ஆதரிப்பேன். வெறும் பில் போடும் வேலை என்றால் சென்னைக்கே அனுப்புங்கள்.

பாண்டு, அதாவது இடையில் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம் பற்றிய வரியை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. சென்னை நிறுவனத்தில் இரண்டாண்டுக்குள் விலகினால் 1,00,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. மாதம் மிஞ்சும் 9,190 ரூபாயால் வகுத்தால், அது ஏறக்குறைய பதினொரு மாதச் சேமிப்பு. ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தருவதாகப் பதிவுக் கட்டணமோ வைப்புத்தொகையோ கேட்கும் எவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

இன்னும் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கலாமா என்று உங்கள் மகள் தனியாகக் கேட்டிருந்தாள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஒரு நோட்டில் எண்ணிக்கையை எழுதிவரட்டும். நாற்பது இடங்களுக்கு அனுப்பி ஓர் அழைப்புகூட வரவில்லை என்றால் ரெஸ்யூமையோ, விண்ணப்பிக்கும் வேலைகளின் வகையையோ மாற்ற வேண்டும். எட்டு நேர்காணலுக்குப் போயும் ஒன்றும் அமையவில்லை என்றால் ரெஸ்யூமைத் தொட வேண்டியதில்லை, நேர்காணலில் பேசும் விதத்தைத்தான் சீர்செய்ய வேண்டும். இந்த விகிதத்தைப் பார்க்காத பிள்ளைகள் தங்களுக்குத் தகுதியே இல்லை என்று மனமொடிந்துபோவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சென்னை நிறுவனத்துக்குப் பதில் சொல்லும் முன், கடந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேரியபிள் பே எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது, பணி நேரம் என்ன, இரவுப் பணி இருந்தால் வாகன வசதி உண்டா என்று அவளையே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். மதுரை நிறுவனத்திடம் முதல் ஆறு மாதம் எந்தப் பணியில் அமர்த்துவார்கள் என்று நேரில் கேட்கட்டும். இரண்டு பதில்களும் கிடைத்ததும் என் உத்தேசத் தொகைகளுக்குப் பதிலாக உண்மைத் தொகைகளை எழுதி எனக்கு அனுப்புங்கள். அவளையும் உடன் வைத்துக்கொண்டு மூவரும் பேசி முடிவெடுப்போம்.