கிரிட்டை மாற்றினால் விடை மாறுகிறதே!

கேள்வி: டோக்கமாக் என்னும் அணுக்கரு இணைவுக் கருவியின் பிளாஸ்மாவில் (மிகச் சூடான மின்னூட்ட வாயு) காந்தப் புலம் கிழிந்து தீவுகளாகும் ‘டியரிங்’ நிலையின்மைக்கு ஒரு பரிமாண நிரல் எழுதியிருக்கிறேன். ஹாரிஸ் மின்னோட்டத் தாள், அதாவது காந்தப் புலம் எதிர்த்திசைக்குத் திரும்பும் இடத்திலுள்ள மெல்லிய மின்னோட்டப் பட்டை. அதன் அரை அகலம்தான் நீள அலகு. அலை எண் 0.5, லண்ட்குவிஸ்ட் எண் (மின்தடை குறையக் குறைய இது கூடும்) 1 லட்சம், எல்லைகள் இருபுறமும் 5. வளர்வேகம், கிரிட்டில் (கணக்கிடும் இடங்களின் வரிசை) 256 புள்ளிகள் வைத்தால் ஒன்று, 512-ல் வேறொன்று. எதை நம்புவது? பெரிய கணினி வேண்டுமா?
– மாணவி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். புலம் கிழிவது நடுவிலுள்ள மெல்லிய மின்தடை அடுக்கில்தான். உங்கள் எண்களுக்கு அதன் தடிமன் சுமார் 0.014. உங்கள் புள்ளிகளின் இடைவெளியோ 256-ல் 0.039, 512-ல் 0.02. அடுக்கு முழுதும் இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒளிந்துகொள்கிறது. மின்னோட்டத்தின் மாறுபாட்டை நடுவில் பெரிதாக்கி வரைந்து பாருங்கள்: வழவழப்பான மேடு தெரிய வேண்டிய இடத்தில் ஒற்றைப் புள்ளி ஊசி மாதிரி நிற்கும்.

அடுக்குக்குள் 10 புள்ளியாவது விழ வேண்டும். சீரான கிரிட்டில் அதற்கு 7,000 புள்ளிகள் ஆகும். நடுவில் நெருக்கி ஓரத்தில் அகட்டினால் 400 போதும். அடுத்தடுத்த இடைவெளிகள் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகைக்கெழுவுக்குச் சீரான கிரிட்டின் சூத்திரத்தையே விட்டுவைப்பதுதான் இங்கே பலரும் செய்யும் பிழை.

கோட்பாட்டின்படி வளர்வேகம் ஓர் ஆல்ஃபென் நேரத்துக்கு (காந்தப் புலத்தில் ஓடும் அலை ஒரு நீள அலகைக் கடக்கும் நேரம்) சுமார் 0.001. ஆனால் ஒரே எண் பொருந்திவிட்டதென்று நிறுத்தாதீர்கள். லண்ட்குவிஸ்ட் எண்ணை 10 லட்சமாக்குங்கள். வேகம் கால்பங்காகக் குறைய வேண்டும். அடுக்கும் இரண்டரை மடங்கு மெலியும் என்பதால் கிரிட்டையும் அதற்கேற்ப நெருக்குங்கள். வேகம் அவ்வளவு குறையவில்லையென்றால், நீங்கள் கொடுத்த மின்தடையை மீறி எண்முறைப் பிழையே மின்தடையாக வேலை செய்கிறது. எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான்.

அமுக்க அலைகளையும் சேர்த்திருந்தால், எக்ஸ்ப்ளிசிட் முறையில் (அடுத்த படியை முந்தைய படியிலிருந்தே நேராகக் கணக்கிடுவது) காலப்படி ஏறக்குறைய 0.0014 ஆல்ஃபென் நேரத்தைத் தாண்டக் கூடாது. மாறுபாடு 2.7 மடங்காக 1,000 ஆல்ஃபென் நேரம் பிடிக்கும். அதாவது 7 லட்சம் படிகள். பெரிய காலப்படியையும் தாங்கும், கிராங்க்–நிக்கல்சன் போன்ற இம்ப்ளிசிட் முறைக்கு (அடுத்த படியின் மதிப்புகளைச் சமன்பாடாகத் தீர்ப்பது) மாறுங்கள். மடிக்கணினியே போதும், கேப் டவுனின் லெங்காவ் போன்ற மீக்கணினிகள் முப்பரிமாணக் கணக்குக்குத்தான். லோட்ஷெடிங்கில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, நிலையை அவ்வப்போது கோப்பில் சேமியுங்கள்.

கேள்வி: உண்மையான கருவியில் இந்தக் காந்தத் தீவை எப்படி அடக்குவார்கள்?
– வாசகர், லெனேசியா

பதில்: தீவுக்குள் அழுத்தம் சமமாகிவிடுவதால் அழுத்த வேறுபாட்டால் தானாக எழும் ‘பூட்ஸ்ட்ராப்’ மின்னோட்டம் அங்கே அற்றுப்போகிறது, அந்தக் குறையே தீவை மேலும் வளர்க்கிறது. தெற்கு பிரான்சில் கட்டப்படும் ஐடர் டோக்கமாக்கில் 170 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைத் தீவின் நடுவில் பாய்ச்சி, இழந்த மின்னோட்டத்தை ஈடுகட்டத் திட்டம். கற்றை தீவின் அகலத்துக்குள் விழ வேண்டும். விலகினால் பலன் சட்டென்று சரியும்.