பட்டையைக் கழற்ற வேண்டாம், காற்றுப் பை சேர்த்தால் போதும்

கேள்வி: காசிமேட்டில் இருந்து மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு தினமும் தாம்பரம் போகிறேன். டாடா 207, 15 வயதாகிறது. லோடு ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கிறது. காலியாகத் திரும்பும்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது. பின்பக்க எடையைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) எல்லாம் கழற்றிவிட்டு, காற்றுப் பையே எடையைத் தாங்கும் முழு ஏர் சஸ்பென்ஷன் போடச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். கூடுதலாக இரண்டு பட்டை போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? (வாசகர், ராயபுரம்)

பதில்: இரண்டுமே வேண்டாம். இருக்கிற பட்டை அப்படியே இருக்கட்டும், அதற்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக உதவிக் காற்றுப் பை வையுங்கள்.

பட்டை எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. பின் ஆக்ஸில் (சக்கரங்களை இணைக்கும் இருசு) முன்னே பின்னே, இடம் வலம் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். அதைக் கழற்றினால் அந்த வேலைக்குத் தனியாக இரும்புக் கைகள் வேண்டும், அவற்றை சேசிஸில் வெல்டிங் வைக்க வேண்டும், 15 வருஷம் மீன் தண்ணீரும் உப்பும் சொட்டிய சேசிஸில் அந்த வெல்டிங்கை நம்பி மேம்பாலம் ஏற என்னால் சொல்ல முடியாது. பஸ்ஸில் காற்று நன்றாகத்தானே ஓடுகிறது என்பீர்கள். அது கம்பெனியிலேயே அதற்கென்று கட்டிய வண்டி, ஏர் பிரேக்குக்காகக் காற்றும் டேங்கும் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வண்டியில் அது கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் மறக்காதீர்கள், உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு அதில் கட்டுப்பாடு இருக்கிறது. பழைய வண்டியை வருஷா வருஷம் எஃப்.சி.க்குக் (தகுதிச் சான்று) கொண்டுபோகிறவர் நீங்கள், எந்த மாற்றமானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கை வையுங்கள்.

கூடுதல் பட்டை போட்டால் லோடில் நிமிர்ந்து நிற்கும், சரி. ஆனால் காலியாக வரும்போது இப்போதே தூக்கிப் போடுகிறது என்கிறீர்கள், அது இன்னும் மோசமாகும். காற்றுப் பையில் லோடுக்குத் தக்கபடி காற்றை ஏற்றலாம், லோடை இறக்கியதும் குறைக்கலாம்.

பை வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் காலியாக சமதளத்தில் நிறுத்திவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். பட்டை வளைவு போய்த் தட்டையாகிவிட்டதா, எதுவும் உடைந்திருக்கிறதா, பட்டை முனையை மாட்டும் இடத்தில் உள்ள புஷ் தேய்ந்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா? இருந்தால் முதலில் அந்தச் செலவு. உடைந்த பட்டையின் மேல் பை வைத்தால் கொஞ்ச நாளைக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். மாதவரத்தில் ஒரு வண்டியில் சைலென்சர் குழாய்க்கு இரண்டு விரல் தள்ளிப் பை இருந்தது. ரப்பர் கருகி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. பிரேக் குழாயும் பையில் உரசக் கூடாது. பின் பிரேக்கில் லோடைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில வண்டிகளில் உண்டு, ஒரு கம்பியால் ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். பை பின்பக்கத்தைத் தூக்கியதும் வண்டி காலி என்று அது ஏமாந்துபோய்ப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால் கட்டாயம் சரிசெய்யச் சொல்லுங்கள், முழு லோடில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பைக்குக் காற்றடிக்க வண்டியிலேயே கம்ப்ரசர் வைக்க வேண்டாம் என்பேன், தண்ணீர் புகுந்தால் கெட்டுவிடும். மழைக்காலத்தில் வடசென்னையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டயர் வால்வு மாதிரியே ஒன்றைப் பின்னால் வைத்தால் பஞ்சர் கடைக் காற்றே போதும். பை சின்னது, சட்டென்று ஏறிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். காலி வண்டியில் சக்கர நடுவில் இருந்து பாடி விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். லோடு ஏற்றியபின் அந்த உயரத்தை நெருங்கினால் நிறுத்துங்கள், தாண்ட வேண்டாம். இந்த வகைப் பைகள் பலவற்றில் குறைந்தது 5, அதிகம் 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று போட்டிருக்கும். காலியாக வரும்போதும் சுத்தமாக இறக்கிவிடாதீர்கள், மடிப்பில் ரப்பர் கடிபட்டுக் கிழியும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வண்டி நிமிர்ந்து நிற்கிறதே என்று நாலு பெட்டி கூடுதலாக ஏற்றாதீர்கள். ஆக்ஸில், டயர், பிரேக் எல்லாம் பழையதுதான். ஓவர்லோடுக்கு அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது.

கேள்வி: இரண்டு பையையும் ஒரே வால்வில் இணைத்துவிட்டால் வேலை மிச்சம்தானே? (வாசகர், போரூர்)

பதில்: வேண்டாம். வளைவில் திரும்பும்போது எடை ஒரு பக்கம் சாயும், இணைத்திருந்தால் அந்தப் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும். தனித்தனி வால்வு வையுங்கள். பொருத்திய மறுநாள் காலையில் அழுத்தம் இறங்கியிருந்தால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரும் இடத்தில்தான் கசிவு.