வீட்டுக்குப் பின்னால் கரையும் மண் சரிவுக்குத் தென்னை நார் வலையும் வெட்டிவேரும் போதுமா?

மலையில் வீடு, பின்பக்கம் பொக்லைன் வைத்து வெட்டிய சரிவு, மழைக்கு மழை மண் கரைந்து கொல்லைக்கு வந்துவிடுகிறது, கான்கிரீட் சுவர் கட்டக் காசில்லை, தென்னை நார் வலை விரித்துப் புல் நட்டால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் முதல் வருடம் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம். காப்பி, மிளகு, இடையில் சில்வர் ஓக். வீட்டை ஒட்டிப் பன்னிரண்டடி உயரத்துக்குச் செம்மண் சரிவு. நல்ல மழை பெய்த மறுநாள் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தால், விரல் நகம் அளவுக் கற்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன மண்தூணின் மேல் குடை மாதிரி உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்தது, சுற்றி இருந்தது போய்விட்டது என்று அர்த்தம். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். மண் போவது ஓடும் தண்ணீரால் மட்டும் இல்லை. பெரிய மழைத்துளி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணை முதலில் உடைப்பது அந்த அடிதான். ஓடும் தண்ணீர் உடைந்ததை அள்ளிக்கொண்டு போகிறது.

வலையின் வேலை இதுதான்: துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்வது, ஓடும் தண்ணீரை ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கணம் தடுத்து நிறுத்துவது. ஒவ்வொரு கண்ணும் ஒரு குட்டி வரப்பு. ஆனால் கயிறு மண்ணோடு ஒட்டிக் கிடந்தால்தான் அது வரப்பு. முதல் வருடம் நாங்கள் வலையை நாற்காலிக்கு வயர் பின்னுவது போல இழுத்துக் கட்டினோம், பார்க்க நேர்த்தியாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் மண் வழக்கம் போல வந்தது. காப்பி பறிக்க வந்த அக்கா ஒருவர்தான், "தம்பி, அடியில கைய விட்டுப் பாருங்க" என்றார். மணிக்கட்டு வரை போனது கை. வலை மேலே தொங்க, தண்ணீர் அடியில் தனக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டு போயிருந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மேடு பள்ளத்தைச் சமன் செய்து, வேர்க்கட்டை, கல் நீக்கி மறுபடி விரித்தோம். உச்சியில் ஓரடி ஆழக் குழி எடுத்து வலையின் தலையை அதில் போட்டு, மண் மூடி நன்றாகக் குத்த வேண்டும். அங்கிருந்து கீழ்நோக்கி உருட்டிவிடுங்கள், இழுக்காதீர்கள், மண் எப்படிப் போகிறதோ அப்படியே தொய்வாகப் படியட்டும். பக்கத்து விரிப்போடு அரையடி மேல்படிய வேண்டும். 6 எம்.எம். கம்பியைக் கைத்தடி மாதிரி வளைத்து, எங்கே தூக்கி நிற்கிறதோ அங்கெல்லாம் அடியுங்கள். மூங்கில் முளையும் போதும். வலை சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்ற எடைகளில் கிடைக்கிறது. கயர் பூவஸ்த்ரா என்று கேட்டால் தெரியும், இந்தியத் தர நிர்ணயமும் (ஐ.எஸ். 15869) இருக்கிறது. சாய்வு அதிகமான சரிவு என்றால் 400-ஐ வாங்காதீர்கள்.

இந்தக் கயிறு மட்கிப் போவதுதான் நல்லது. தேங்காய் நாரில் லிக்னின் என்ற, எளிதில் மட்காத மரச்சத்து அதிகம், அதனால் சணல் ஒரு வருடத்தில் போகும் இடத்தில் இது இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். அதற்குள் புல் பிடித்துக்கொள்ள வேண்டும். வலை விரித்துவிட்டுச் செடி நடாமல் விட்டால் மூன்றாம் வருடம் பழைய கதைதான்.

நாங்கள் நட்டது வெட்டிவேர். வெட்டி எடுக்கும் வேர் என்ற நம் சொல்லைத்தான் உலகம் முழுக்க வெட்டிவர் என்கிறார்கள். 1980களில் உலக வங்கிக்காரர்கள் இதை மண் காக்கும் புல்லாகப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு வெகு காலம் முன்பே கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் வயல் எல்லைக்கு நட்டுவைத்திருந்தார்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகும், முதல் வருடத்திலேயே ஆள் உயரத்தைத் தாண்டும். தென்னிந்திய வகை விதை போடுவதில்லை, அதனால் தோட்டத்துக்குள் களையாகப் பரவாது.

வரிசை சமமட்டமாக இருக்க வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை (லெவல் டியூப்) வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் நட்டால் தண்ணீர் தாழ்ந்த முனைக்கு ஓடி அங்கே உடைக்கும். அரையடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு மூன்று தூர் சேர்த்து நடுங்கள். வரிசைக்கு வரிசை மூன்று நான்கடி இறக்கம். வலையின் கண்ணை விலக்கி நடலாம், கயிற்றை அறுக்காதீர்கள். கோடை மழை முடிந்ததும் நட்டு, வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றினால் வடகிழக்குப் பருவமழைக்குள் நான்கு மாத வேர் இருக்கும். நிழலும் உறைபனியும் இதற்கு ஆகாது. நீங்கள் ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இருந்தால் அங்கே நன்றாக வரும் புல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடலூர்ப் பக்கம் மணலில் வாசனை வேருக்காகப் பயிரிட்டுத் தோண்டி எடுக்கிறார்கள், சரிவில் நட்டதை ஒருநாளும் தோண்டாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் சரிவின் உச்சிக்கு ஏறிப் பாருங்கள். மேல் தோட்டத்துத் தண்ணீரோ கூரைத் தண்ணீரோ அங்கே இறங்கினால் முதலில் அதைக் கால்வாய் வெட்டித் திருப்ப வேண்டும். திருப்பாமல் வலைக்குச் செலவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, இது மிக முக்கியம். உச்சியில் பிறை வடிவில் விரிசல், மரம் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, கதவு திடீரெனப் பிடிப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அது மண்ணரிப்பு இல்லை, நிலமே நகர்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதிரி நகர்வை வலையும் புல்லும் பிடிக்காது. வீட்டை விட்டு வெளியேறி வருவாய்த் துறைக்குச் சொல்லுங்கள். நேர்ச்சுவர் போல வெட்டிய மண்ணையும் வலையும் புல்லும் பிடிக்காது, அதற்குத் தடுப்புச்சுவரோ சரிவைப் படியாக்குவதோதான் வழி.

எங்கள் சரிவில் இப்போது வலை இல்லை. போன மாதம் ஓரத்தைக் கிளறியபோது கறுத்துப்போன நார் இரண்டு விரல் நீளத்துக்கு வந்தது, பிடித்ததும் உதிர்ந்தது. அதைச் சுற்றி வெட்டிவேரின் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன. வருடம் இரண்டு முறை புல்லை ஒன்றரையடிக்கு அறுத்துக் காப்பிக்கு மூடாக்காகப் போடுகிறோம். பின்சுவருக்குப் போன பொங்கலுக்கு அடித்த வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.